குறைந்த செலவில் அசல் ஜப்பானிய வாள் வாங்குவது எப்படி?

மரபுமுறையில் அடித்த புது கத்தானா, அதாவது ஜப்பானிய நெடுவாள் வேண்டுமென்றால் பத்து லட்சம் யென்னுக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். உரிமம் பெற்ற கொல்லர் மாதத்துக்கு இரண்டு நெடுவாளோ மூன்று குறுவாளோதான் செய்யலாம் என்ற கட்டுப்பாடு ஜப்பானில் இருக்கிறது. இந்த வாள்களுக்கான தமஹாகானே எஃகும் ஷிமானே மாகாணத்தின் ஒகுஇசுமோவில், 1977இல் மீண்டும் தொடங்கிய உலையில், குளிர்காலத்தில் மட்டுமே உருக்கப்படுகிறது. ஆகவே பழைய வாளைத் தேடுங்கள்.

படி 1: வாக்கிசாஷியில் தொடங்குங்கள்

அலகின் நீளம் 60.6 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் கத்தானா. 30.3இலிருந்து அதற்குள் அடங்கினால் வாக்கிசாஷி. எடோ காலத்தில் (1603–1868) வணிகர்களும் நகரவாசிகளும் வாக்கிசாஷி அணியலாம் என்பதால் அவை ஏராளமாகச் செய்யப்பட்டன. அதனால்தான் இன்றும் விலை குறைவு. கொல்லர் பெயர் வெட்டாத, ஹோசோன் எனும் அசல்தன்மைச் சான்றிதழுள்ள (படி 2 பாருங்கள்) வாக்கிசாஷி ஏறக்குறைய இரண்டு, மூன்று லட்சம் யென்னுக்குக் கிடைக்கும். அதே தரத்தில் கத்தானா என்றால் நான்கைந்து லட்சம் ஆகும்.

அலங்கார உறைக்குக் காசு கொடுக்காதீர்கள். மக்னோலியா மரத்தாலான வெற்று உறையும் பிடியும், அதாவது ஷிராசாயாவில் இருக்கும் வாளே தேவலை. கொடுக்கும் பணம் முழுவதும் எஃகுக்குப் போகும்.

படி 2: இரண்டு காகிதங்கள், இரண்டு வேலைகள்

தோரோக்குஷோ என்பது அரசுப் பதிவு அட்டை. நீளம், வளைவு, பிடித்துளைகளின் எண்ணிக்கை அதில் இருக்கும். வாள் அசலா, யார் செய்தது என்பதற்கு அது சாட்சி அல்ல.

அதற்கு 1948இல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கத்தின் சான்றிதழ் வேண்டும். அதன் முதல் நிலைதான் ஹோசோன். தொடக்கக்காரருக்கு அது போதும். 1982க்கு முந்தைய வெள்ளை, பச்சை நிறச் சான்றிதழ்களை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அவற்றில் தவறான தீர்ப்புகளும் போலிகளும் கலந்திருக்கின்றன.

சான்றிதழில் ஒட்டியுள்ள அடித்தண்டின் (பிடிக்குள் மறையும் பகுதி) படத்தையும் விற்பனைப் படத்தையும் அருகருகே வைத்து, துளைகளின் இடம், துரு படிந்த விளிம்பு, அரத்தின் கோடுகள் என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். சான்றிதழ் இல்லாமல் கொதெட்சு போன்ற புகழ்பெற்ற கொல்லரின் பெயர் வெட்டியிருந்தால் போலிக் கையெழுத்து என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: அலகைப் படிப்பது

பணம் போவது இங்கேதான். அவசரப்படாதீர்கள்.

முதலில் ஹாகிரே. வெட்டுவிளிம்புக்குக் குறுக்கே ஓடும் மயிரிழை விரிசல் இது. வாள் வளையும்போது மென்மையான முதுகு வளைந்து கொடுக்கும், கடினமான விளிம்பு கொடுக்காமல் பிளந்துவிடும். சரிசெய்ய வழியே இல்லை. படங்களில் இது அநேகமாகத் தெரியாது. எனவே "ஹாகிரே இல்லை, இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வோம்" என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அந்த வாள் வேண்டாம். நேரில் பார்ப்பதானால் ஒரே ஒரு பல்பு போதும். குழல்விளக்கு வேண்டாம், அதன் பரவலான ஒளியில் விரிசல் மறைந்துவிடும். விளிம்பைச் சற்றுச் சற்றாகத் திருப்பியபடி அடியிலிருந்து நுனிவரை பாருங்கள்.

அடுத்தது நுனி. ஹாமோன் எனும் கடினக்கோடு நுனிக்குள் திரும்பி முதுகை நோக்கி வளைய வேண்டும். அந்தப் பகுதிக்கு போஷி என்று பெயர். கோடு வளையாமல் விளிம்பிலேயே வெளியேறினால் நுனி உடைந்து மறுபடி தீட்டப்பட்டிருக்கலாம்.

மூன்றாவது தேய்மானம். ஒவ்வொரு சாணையும் மேல் எஃகைக் கொஞ்சம் தின்கிறது. அலகும் அடித்தண்டும் சேருமிடத்தில் விளிம்புப் பக்கப் படி மிகச் சிறிதாகிவிட்டாலோ, எஃகை மடித்து அடித்ததால் விழுந்த வரிகளுக்கு நடுவே வரியற்ற மங்கல் திட்டுகள் தெரிந்தாலோ வாள் களைத்துவிட்டது.

துருப்பிடித்த மலிவு வாளை வாங்கிச் சாணை பிடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். தகுதியான சாணைக்கலைஞரின் கூலி வாளின் விலையையே தாண்டிவிடும்.

இரண்டாம் உலகப் போர்க்கால வாள்களில் ஒரு கண் வையுங்கள். அடித்தண்டில் சேகி அல்லது ஷோவா முத்திரை இருந்தால் பெரும்பாலும் எண்ணெயில் குளிர்வித்த ஆலைத் தயாரிப்பு. நட்சத்திர முத்திரை இருந்தால் மரபுமுறையில் அடித்தது. விற்பவர் பலர் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள்.

படி 4: ஏற்றுமதி

விற்பவர் பதிவு அட்டையைத் திருப்பிக் கொடுத்து, ஜப்பான் அரசின் கலாச்சார முகமையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்குவார். சில வாரங்கள் ஆகும். அட்டையின் நகலை முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

பணம் கட்டுமுன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். இந்தியாவுக்குக் கொண்டுவர 1959 ஆயுதச் சட்டப்படி இறக்குமதி உரிமம் தேவை. பிரிட்டனில் 50 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட வளைந்த வாளுக்கு 2008 முதல் தடை உண்டு, மரபுமுறையில் கையால் செய்ததற்கு விலக்கு. அங்கே ஹோசோன் காகிதம் கைகொடுக்கும்.

பின்சேர்க்கை: வந்து சேர்ந்த பிறகு

உச்சிகோ எனும் மெருகுப் பொடியைத் தொடாதீர்கள், பழக்கமில்லாத கையில் அது மெருகைக் கீறிவிடும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் மைக்ரோஃபைபர் துணியும் போதும். அடியிலிருந்து நுனி நோக்கி மட்டும் துடையுங்கள். பிறகு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, சில மாதங்களுக்கு ஒருமுறை. அலகில் விரல் படக் கூடாது. அடித்தண்டின் கருந்துருவை எக்காரணம் கொண்டும் தேய்க்க வேண்டாம், வாளின் வயதைச் சொல்வது அதுதான். ஷிராசாயாவில் வைத்து வாளை வீசவும் கூடாது, சோற்றுப்பசையால் ஒட்டிய பிடி அதைத் தாங்காது.