தூக்குவாளியில் வந்த பண்டம்: உண்பதா, கொட்டுவதா?

தீபாவளிக்கு மறுநாள் காலையில் நம் வீட்டுச் சமையலறை மேடையைப் பார்த்தால் தெருவே அங்கு வந்து உட்கார்ந்திருப்பது போல் இருக்கும். எதிர்வீட்டு முறுக்கு ஐஸ்கிரீம் டப்பாவிலும், மாடிவீட்டுப் பால்கோவா எவர்சில்வர் கிண்ணத்திலும், சித்தி ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய அதிரசம் தூக்குவாளியிலும், யார் கொடுத்தார்கள் என்பதே நினைவில்லாத ரவா லாடு ஒரு பிளாஸ்டிக் பையிலும் காத்திருக்கும். ரம்ஜான் மாதத்து நோன்புக் கஞ்சி, பக்ரீத் பிரியாணி, கிறிஸ்துமஸ் கேக், பொங்கலன்று நான்கு வீடுகளிலிருந்து ஒரே நேரத்தில் வந்து சேரும் சர்க்கரைப் பொங்கல் என்று ஆண்டு முழுவதும் இந்த வரத்து நிற்பதில்லை. கடையில் வாங்கிய பண்டத்தின் உறையில் தயாரித்த நாளும் உண்ணத்தக்க கடைசி நாளும் அச்சிட்டிருக்கும். தூக்குவாளியில் அப்படி எதுவும் இருக்காது. ஆகவே உண்பதா கொட்டுவதா என்பதை நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த முடிவைப் பெரும்பாலும் கொடுத்தவரின் முகத்தை நினைத்து எடுத்துவிடுகிறோம். பண்டத்தைப் பார்த்து எடுப்பதற்கான வழிகளையே இங்கே சொல்ல முற்படுகிறேன்.

முதலில் கவனிக்க வேண்டியது ஈரம். முறுக்கு, தட்டை, சீடை, ஓமப்பொடி, மிக்சர் ஆகியவற்றில் இருந்த நீரெல்லாம் கொதிக்கும் எண்ணெயிலேயே வெளியேறிவிடுவதால், நோய் தரும் பாக்டீரியாக்கள் அவற்றில் வளர்வதற்கு வழியில்லை. அவை இரண்டு விதங்களில்தான் கெடும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து நமுத்துப்போவது ஒன்று. அது சுவைக் குறைவே தவிர உடலுக்குக் கேடன்று, வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் சற்றுப் புரட்டினால் மொறுமொறுப்பு ஓரளவு திரும்பிவிடும். எண்ணெய் காற்றுடன் சேர்ந்து சிக்கு வாடை அடிப்பது மற்றொன்று. அதற்கு மாற்று இல்லை. சிக்கு பிடித்ததை வறுத்தாலும் வெயிலில் வைத்தாலும் வாடை போகாது, எனவே தயங்காமல் கொட்டிவிடலாம். மைசூர்பாகு, கடலை உருண்டை, பொருள்விளங்கா உருண்டை போன்றவற்றில் சர்க்கரையோ வெல்லப்பாகோ நீரைத் தன்னுடன் பிடித்து வைத்துக்கொள்வதால் அவையும் நாள்பட நிற்கும். அதிரசம் உள்ளே மென்மையானது என்பதால், ஐப்பசி மழை நாள்களில் இறுக மூடிய டப்பாவில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தால் பூசணம் பிடித்துவிடக்கூடும். ஒன்றில் பூசணம் கண்டால் அதைத் தொட்டுக்கொண்டிருந்தவற்றையும் சேர்த்தே நீக்க வேண்டும்.

ஈரத்தின் முக்கியத்துவத்தை உணரப் பஞ்சாமிர்தத்தைப் பார்த்தால் போதும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டு நீர்கூடச் சேர்ப்பதில்லை. வாழைப்பழம், வெல்லச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலம் ஆகியவற்றின் சேர்க்கை தானாகவே பல நாள் தாங்குகிறது. அதே பெயரில் நம் வீட்டுப் பூசையில் பழத்தைப் பிசைந்து, கொஞ்சம் சர்க்கரை தூவிக் கலப்பது மறுநாளே நுரைக்கத் தொடங்கிவிடும். பெயர் ஒன்றாக இருப்பதால் ஆயுளும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இனி ஆபத்தான பக்கத்துக்கு வருவோம். பால், தேங்காய், வெந்த அரிசி, வெந்த பருப்பு, முட்டை, மீன், இறைச்சி ஆகிய இவற்றுள் ஏதேனும் ஒன்று ஈரத்தோடு இருந்தால், அந்தப் பண்டத்துக்கு நாள் கணக்கு கிடையாது, மணிக் கணக்குத்தான். 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நுண்ணுயிரிகள் விரைந்து பெருகும் என்றும், சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. சித்திரை மாதத்து மதுரையில் சமையலறையே 35 டிகிரிக்கு மேல் இருக்கும்போது அந்த இரண்டு மணி நேரத்தையும் சுருக்கிக்கொள்வது நல்லது. பிள்ளையார் சதுர்த்தியன்று வரும் பூரணக் கொழுக்கட்டை, நவராத்திரிச் சுண்டல், தேங்காய்ப்பால் சேர்த்த நோன்புக் கஞ்சி, பாயசம், சர்க்கரைப் பொங்கல், பிரியாணி எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. வந்தவுடன் உண்ண வேண்டும். இல்லையேல் உடனே சிறு பாத்திரங்களில் பிரித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, உண்ணும்போது ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்க வேண்டும். இரவு முழுவதும் மேடையிலேயே மறந்துவிட்டோம் என்றால், அது பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் கொட்டத்தான் வேண்டும்.

"இன்னொரு கொதி விட்டால் சரியாகிவிடும்" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. இந்த நம்பிக்கைதான் மிகுந்த தீங்கைச் செய்கிறது என்பது என் எண்ணம். சோற்றில் பெருகும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதை போன்ற வடிவம் முதல் சமையலிலேயே அழியாமல் தப்பித்துவிடும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அது முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சு ஒன்றைச் சுரக்கும். மனிதரின் மூக்கிலும் கைப் புண்ணிலும் இயல்பாகவே வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா, கையால் உருட்டிய பால் இனிப்புகளில் இறங்கி அதே வேலையைச் செய்யும். இந்த இரண்டு நஞ்சுகளும் கொதிநிலையில் அழிவதில்லை. மறுபடி கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகலாம், ஆனால் அது விட்டுச்சென்ற நஞ்சு குழம்பிலேயே இருக்கும். முகர்ந்து பார்ப்பதும் முழுப் பாதுகாப்பைத் தராது. நூல் விட்ட சாம்பாரும் வழவழத்த சுண்டலும் ஊசிப்போனதைத் தாமே சொல்லிவிடும். நஞ்சேறிய பால்கோவாவோ நல்ல மணத்துடனேயே இருக்கக்கூடும். ஆகவே மூக்கு வேண்டாம் என்றால் கொட்டிவிட வேண்டும், மூக்கு சரி என்றாலும் நேரத்தைக் கணக்கிட வேண்டும்.

புளியோதரை இதற்குச் சற்று விலக்கு. புளியின் அமிலமும் உப்பும் நல்லெண்ணெயும் சேர்ந்து காப்பதால்தான் அது காலங்காலமாக வழிப்பயணத்துக்குக் கட்டுச்சோறாக இருந்திருக்கிறது. ஆனாலும் உள்ளே இருப்பது சோறு என்பதால், காலையில் கட்டியதை அன்றைக்கே முடித்துவிடுவது நல்லது. மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்போரும் இந்தப் புளியை நம்பித்தான் சொல்கிறார்கள். இருப்பினும் சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் சமைப்பதற்கு முன்பே வெயிலில் கிடந்திருந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். உண்டவருக்கு முகம் சிவந்து உடம்பு தடிக்கும். அதையும் எந்தக் கொதியும் போக்காது என்பதால், நாக்கில் மிளகுபோல் சுரீரென்று உறைத்தால் அந்தக் கவளத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

ஊறுகாயைப் பற்றி வீண் அச்சமும் உண்டு, வீண் துணிச்சலும் உண்டு. உப்பும் புளிப்பும் நிறைந்து, மேலே ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெய் மிதக்கும் மாவடுவோ மாங்காய்த் தொக்கோ, பெரியம்மா வீட்டிலிருந்து வந்தது என்பதற்காக மட்டுமல்லாமல், அதன் அமைப்பினாலேயே நம்பத்தக்கது. ஒருமுறை எங்கள் வீட்டுக்கு அப்படி வந்த தொக்கு பத்தாம் நாள் பூத்துப்போனபோது, ஊரில் சரியாக வதக்கவில்லை என்று ஆளாளுக்குப் பேசினோம். தயிர்ச்சோற்றில் தோய்ந்த கரண்டியை அதில் விட்டது நாங்கள்தான் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. வந்த ஊறுகாயை ஈரமற்ற கண்ணாடிக் குப்பிக்கு மாற்றி, எண்ணெய் குறைவாகத் தெரிந்தால் காய்ச்சி ஆறிய நல்லெண்ணெயை மேலே ஊற்றி, உலர்ந்த கரண்டியை மட்டும் பயன்படுத்துவது நம் பொறுப்பு. பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் படர்ந்திருந்தால் மேலாக வழித்தெடுத்துவிட்டு மீதியை உண்பது கூடாது. புளிப்பே சேர்க்காமல் பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறவைத்து வெளியே வைத்திருந்த குப்பியை யார் கொடுத்தாலும் திறக்க வேண்டாம்: காற்றும் புளிப்பும் இல்லாத அந்த எண்ணெய்க்குள் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் வளரக்கூடும், அதன் நஞ்சு உயிரையே எடுக்கும். புளியும் உப்பும் ஏற்றி வதக்கிய பூண்டுத் தொக்கின் கதை வேறு. மூடி உப்பியிருப்பதும், திறந்தவுடன் உள்ளிருந்து காற்று சீறுவதும் எந்தக் குப்பிக்கும் கெட்ட அடையாளமே.

இட்லிப் பொடி, பருப்புப் பொடி, வறுத்த வேர்க்கடலை ஆகியவற்றில் பார்க்க வேண்டியது பூசணத்தையும் கசப்பையும். ஈரமான இடத்தில் கிடந்த கடலையிலும் மிளகாய் வற்றலிலும் கொப்பரையிலும் வளரும் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. அது நாளடைவில் கல்லீரலைத் தாக்கும், வறுத்தாலும் முற்றாக நீங்காது. கட்டி தட்டிய பொடியையும் கசக்கும் கடலையையும் சிக்கனம் பார்க்காமல் எறிந்துவிட வேண்டும்.

பண்டம் வந்த பாத்திரத்தையும் ஒரு முறை பாருங்கள். செய்தித்தாளில் நேரடியாகச் சுற்றிய வடையில் அச்சு மை ஒட்டும் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமே அவ்வாறு சுற்றுவதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் நெடுநேரம் இருந்த புளிக்குழம்பில் களிம்பு கலந்திருக்கும்.

நமக்கு ஏற்றது வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஏற்றது என்று ஆகாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதையும், அது பிரசாதமே ஆனாலும், நாக்கில் தடவக் கூடாது. கருவுற்ற பெண்கள், முதியோர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போர் ஆகியோருக்கு எப்போது செய்தது என்று தெரியாத ஈரப் பண்டத்தைத் தராமலிருப்பதே நல்லது. முந்திரி, கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் அரைத்துவிட்ட குழம்புகளிலும் அவை கலந்திருக்கலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கோதுமை ஒவ்வாதவர்களுக்கு ஒரு சொல்: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ சேர்ந்திருக்கும் என்பதால், அரிசி முறுக்குகூட அவர்களுக்கு ஒத்துவராமல் போகலாம்.

இவற்றையெல்லாம் அறிய எளிய வழி கேட்பதுதான். "எப்போது செய்தீர்கள்?" என்று வாசலிலேயே கேட்டால் விசாரணைபோல் தொனிக்கும். "அத்தை, இதை வெளியிலேயே வைக்கலாமா, ஃபிரிட்ஜில் வைக்கட்டுமா? எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டுப் பாருங்கள்; செய்த நாளும் நேரமும் ஊற்றிய எண்ணெயும் அரைத்த பக்குவமும் அவர் வாயிலிருந்தே வந்துவிடும். சமைத்தவர்களுக்குத் தம் கைப்பக்குவத்தைப் பற்றிப் பேசுவதில் மனத்தடை இருப்பதில்லை.

எந்தக் காரணங்களுக்காகக் கொட்டக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். யார் வீட்டு அடுப்பில் வெந்தது என்று பார்த்து உண்பதும் ஒதுக்குவதும் நம் சமூகத்தில் சாதியின் கருவியாக நெடுங்காலம் இருந்து வந்திருக்கிறது, இன்றும் முற்றாக ஒழியவில்லை. சுத்தம் என்ற சொல்லுக்குப் பின்னால் அந்தப் பழக்கம் ஒளிந்துகொள்கிறதா என்று நம்மையே கேட்டுக்கொள்வது அவசியம். ஒரே வகைப் பண்டம், ஒரே நேரத்தில் செய்தது, ஒருவர் வீட்டிலிருந்து வந்தால் உண்கிறோம், மற்றவர் வீட்டிலிருந்து வந்தால் கொட்டுகிறோம் என்றால் அதற்கு நுண்ணுயிரியலில் இடமில்லை. அதுபோலவே இடுமருந்து என்ற அச்சம். சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று நம்பி, வயிற்றிலிருந்து அதை எடுத்துத் தருவதாகச் சொல்பவரிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறுவோர் இன்றும் இருக்கிறார்கள். உறவில் கசப்பு இருந்தால் அதைப் பேசித் தீர்க்கலாம். அவர்கள் செய்த லட்டின்மீது பழி போட வேண்டியதில்லை.

கொட்டுவது என்று முடிவானால், அதிலும் ஒரு முறை உண்டு. நாம் உண்ணத் தயங்கும் பண்டத்தை வீட்டு வேலை செய்யும் அம்மாவிடமோ காவலாளியிடமோ கொடுப்பது கொடையாகாது. பங்கிட வேண்டுமானால் பண்டம் புதிதாக இருக்கும் அன்றே, செய்த நேரத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மிஞ்சிய பொங்கலைக் குண்டான் குண்டானாகப் பசுவுக்கு வைப்பதும் புண்ணியமன்று, அளவுக்கு மீறிய அரிசிச் சோறு அதன் வயிற்றில் புளித்து உயிருக்கே ஆபத்தாகலாம். உலர்திராட்சை சேர்ந்த கேக்கையும் பாயசத்தையும் நாய்க்கு வைக்காதீர்கள், திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எண்ணெய்ப் பண்டங்களையும் ஊறுகாயையும் தாளில் பொதிந்து குப்பையில் சேர்ப்பதே சரி.

கொடுத்தவரிடம் என்ன சொல்வது என்பது பலருக்கும் கொட்டுவதைவிடக் கடினமாக இருக்கிறது. உண்ணாத பண்டத்தை ஆகா ஓகோவென்று புகழ்ந்தால், அடுத்த ஆண்டு அதுவே இரட்டிப்பாக வந்து சேரும். "எங்களை நினைத்துக் கொடுத்தனுப்பியது மனதுக்கு நிறைவாக இருந்தது" என்பது பொய்யுமில்லை, ருசியைப் பற்றிய சான்றிதழுமில்லை. ஆனால் உண்டபின் யாருக்கேனும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்திருந்தால் அங்கே நயம் பார்க்காமல் உடனே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அதே வாளியிலிருந்து இன்னும் ஐந்து வீடுகளுக்குப் போயிருக்கும். நோயுற்றவருக்கு உப்பு சர்க்கரைக் கரைசலைச் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். மலத்தில் இரத்தம், மயக்கம், கண் இமை சரிதல், பார்வை இரட்டையாகத் தெரிதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் நம்மிடம் இல்லை. எனவே அதை நன்கு கழுவி உலர்த்தி, நாலு எலுமிச்சையோ ஒரு சீப்பு வாழைப்பழமோ வைத்துக் கொடுங்கள். நாமே சமைத்து வைப்பதானால், செய்த நாளையும் நேரத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மூடியின்மேல் ஒட்டிவிடுங்கள்.