கரண்ட் பில்லைக் குறைக்கோணுமோ? முதல்ல மீற்றரைப் பாருங்கோ

லைற்றை நூருங்கோ எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். நூக்கிறது நல்லதுதான், ஆனா 9 வோட் எல்.ஈ.டி பல்ப் ஒண்டு 5 மணித்தியாலம் சும்மா எரிஞ்சாலும் 45 வோட்‑அவர்தான் போகும், ஒரு யூனிட் எண்டுறது 1000. கிணத்தடியில நிக்கிற 1 ஹோர்ஸ்பவர் மோட்டர் ஒரு மணித்தியாலம் ஓடினால் முக்கால் யூனிட்டுக்கு மேல இழுத்துப்போடும். அப்ப எங்க கை வைக்கோணும்?

1. பழைய பில்லை எடுங்கோ. அதில கடைசியா எடுத்த றீடிங் இருக்கும், இண்டைக்கு மீற்றரில நிக்கிறதில இருந்து அதைக் கழிச்சு, நாள் கணக்கால பிரியுங்கோ. 9 நாளில 21 யூனிட் எண்டால் மாசம் 70 வரும். இது ஏன் முக்கியமெண்டால், இலங்கையில வீட்டுக் கரண்ட் மாசம் 60 யூனிட்டைத் தாண்டினால் தாண்டின 10க்கு மட்டும் கூடக் காசு எண்டில்ல, முதலாவது யூனிட்டில இருந்தே ரேட் மாறுது, நிலையான கட்டணமும் ஏறுது. அப்ப 60க்குள்ள நிக்க ஒரு நாளைக்கு 2 யூனிட், அதுதான் கணக்கு. பெரிய குடும்பமெண்டால் 60 கஷ்டம், அடுத்த படியளான 90ஐயோ 120ஐயோ தாண்டாமப் பாருங்கோ.

2. வீட்டில எல்லாத்தையும் ஓஃப் பண்ணி, பிரிஜ் பிளக்கையும் கழட்டிப்போட்டு மீற்றருக்கு முன்னால கொஞ்ச நேரம் நில்லுங்கோ, மெயினை மட்டும் நிப்பாட்ட வேண்டாம். சின்னச் சிவப்பு லைற் இன்னும் மினுங்குதோ? அப்ப எங்கயோ இழுக்குது. ரீவியை ரிமோட்டால மட்டும் நிப்பாட்டியிருப்பியள், இல்லாட்டி சார்ஜர் கிடக்கும். அதுகளையும் கழட்டின பிறகும் மினுங்கினா வயரிங்கில லீக் இருக்கலாம், நீங்கள் நோண்டாதேங்கோ, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கோ.

3. இனி மோட்டர். வெறும் ராங்க் நிரம்ப எவ்வளவு நேரமெண்டு போனில பாத்து எழுதி வையுங்கோ. ஆவணி, புரட்டாதியில கிணத்துத் தண்ணி கீழ போறதால நேரம் கூடும், அது வேற கதை. மாரியிலயும் கூடினா, இல்லாட்டி ஒவ்வொருக்காலும் மோட்டருக்குத் தண்ணி விட்டுத்தான் ஓட்ட வேண்டியிருந்தா ஃபுட் வால்வ் (கிணத்துக்க பைப்பின்ர அடியில தண்ணி திரும்ப இறங்காமப் பிடிக்கிற வால்வ்) ஒழுகுது, மாத்துங்கோ. ராங்க் வழிஞ்சு வாழைக்குப் போகுதெண்டு சந்தோசப்படுற ஆக்களும் இருக்கினம், அது காசு குடுத்து இறைக்கிற தண்ணி அண்ணை! ஒரு ஃபுளோட் சுவிச் போட்டால் தானா நிக்கும்.

4. பிரிஜ் கதவுக்க ஒரு கடதாசியை வைச்சுச் சாத்தி இழுத்துப் பாருங்கோ, லேசா வந்தால் றப்பர் போட்டுது. சுடுகறியை ஆறவிட்டு வையுங்கோ.

5. அயன் 1000 வோட் அளவில இழுக்கும். தினம் காலமை ஒரு சேட்டுக்காக அதைச் சூடாக்காமல், பிள்ளையளின்ர வெள்ளை யூனிஃபோர்ம் முழுக்க ஞாயிறு பின்னேரம் ஒரேதரமா அழுத்துங்கோ, கடைசி உடுப்புக்கு முதலே பிளக்கைக் கழட்டினாலும் இருக்கிற சூடு காணும்.

ஒரு கிழமை கழிச்சு திரும்ப மீற்றரைப் பாத்து அதே மாதிரிக் கழிச்சுப் பிரியுங்கோ, நாளுக்கு 2 யூனிட்டுக்கு மேலதான் நிக்குதெண்டால் பெரும்பாலும் மோட்டர் இல்லாட்டி பிரிஜ்தான்.