ஹகிக்குப் போனால் இரண்டு ராத்திரி தங்குங்கள்

ஜப்பான் போய் வந்தவர்களிடம் எங்கெல்லாம் போனீர்கள் என்று கேட்டால் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, அப்புறம் ஃபூஜி மலையை மேகம் மறைத்துவிட்ட கதை. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பயணத்தில் மூன்று நாள் மிச்சம் பிடிக்க முடிந்தால் ஹகி என்ற ஊருக்குப் போய் வாருங்கள். ஹொன்ஷு தீவின் மேற்குக் கோடியில், யமகுச்சி மாகாணத்தில், ஜப்பான் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. பெயருக்குத்தான் நகரம், சுமார் 40,000 பேர்தான் இருக்கிறார்கள். சாயங்காலம் ஆறரை மணிக்குப் பழைய தெருக்களில் நடந்தால், நாயைக் கூட்டிக்கொண்டு போகும் ஒரு தாத்தாவைத் தவிர ஆளே கண்ணில் படுவதில்லை.

முதலில் சொல்லவேண்டியது, காலையில் வந்து சாயங்காலம் ஹிரோஷிமாவுக்குத் திரும்பிவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். நான் முதல் தடவை அப்படித்தான் போனேன். மதியம் இரண்டு மணிக்கு இறங்கி, சாப்பிட இடம் தேடி, ஒரு வீட்டையும் பாதி கோட்டையையும் பார்ப்பதற்குள் ஐந்து மணி ஆகிவிட்டது, எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள், நானும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். இங்கே பெரும்பாலான இடங்கள் ஐந்து மணி வாக்கில் மூடும், உள்ளே விடுவதை அதற்கும் அரைமணி முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள். ராத்திரி தங்கினால்தான் காலை எட்டு மணித் தெரு உங்களுக்குக் கிடைக்கும், ஊரே அந்த நேரத்தில்தான் அழகு.

போவது எப்படி என்றால், ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஷின்-யமகுச்சி வரைக்கும். ஷின்-ஒசாகாவிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம், ஹிரோஷிமாவிலிருந்தோ ஹகாட்டாவிலிருந்தோ அரைமணிக்குக் கொஞ்சம் கூட. மிக வேகமான வண்டிகளில் சில மட்டுமே இங்கே நிற்கும் என்பதால் நிற்கிற வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். அங்கிருந்து 'சூப்பர் ஹகி' என்ற பஸ் மலைக்குள் புகுந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ஹகியில் கொண்டுவிடும். பஸ் அடிக்கடி கிடையாது. ஆகவே ஷின்கான்சென் நேரத்தை முடிவு பண்ணிவிட்டு பஸ் பார்க்காதீர்கள், பஸ் நேரத்தைப் பார்த்துவிட்டு ஷின்கான்சென் டிக்கெட் எடுங்கள். இந்தப் பயணத்தில் உங்கள் தலைவிதியை எழுதுவது அந்த பஸ் அட்டவணைதான்.

கடலோரமாகவே போகும் சானின் ரயில் பாதையும் இருக்கிறது. ஜன்னல் காட்சிக்கு அதை மிஞ்ச முடியாது, ஆனால் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே சில மணி நேரம் இடைவெளி வரும். 2023 ஜூலை மழையில் மேற்குப் பக்கம் ஒரு பாலம் சேதமாகி அந்தப் பகுதியில் நெடுநாள் ரயில் ஓடாமலே இருந்தது. எனவே ரயிலில்தான் வருவேன் என்றால் வண்டி ஓடுகிறதா என்று முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, 'ஹகி' என்று பெயர்ப்பலகை இருக்கிறதே என்று ஹகி ஸ்டேஷனில் இறங்கிவிடாதீர்கள். 1925ல் கட்டிய அழகான பழைய கட்டிடம்தான், ஆனால் தங்கும் விடுதியும் சைக்கிளும் தேடுகிறவருக்கு வேண்டியது ஹிகாஷி-ஹகி ஸ்டேஷன். பஸ்ஸில் வந்தால் மெய்ரின் சென்டர் நிறுத்தத்தில் இறங்கினால் பழைய ஊர் நடை தூரம்.

கிராமப்புற பஸ்ஸில் ஏறிப் பழக்கம் இல்லாதவர்களுக்கு: பெரும்பாலும் பின்கதவில் ஏறவேண்டும், ஏறும்போதே மெஷினிலிருந்து எண் போட்ட துண்டுச்சீட்டு ஒன்று வரும், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு பலகையில் உங்கள் எண்ணுக்கு நேராகக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். இறங்கும்போது சீட்டையும் சரியான சில்லறையையும் டிரைவர் பக்கத்துப் பெட்டியில் போடவேண்டும். பெட்டி மீதி கொடுக்காது, சில்லறை மாற்றும் மெஷின் தனியாக இருக்கும், அதில் 1,000 யென் நோட்டுக்கு மேல் நம்பவேண்டாம். டோக்கியோவில் தட்டித் தட்டிப் போன ஐசி கார்டு, அதாவது முன்பணம் ஏற்றிய பயண அட்டை, இங்கே எல்லா பஸ்ஸிலும் செல்லும் என்று நம்பி இறங்காதீர்கள். பெரிய ஊரிலேயே ரொக்கம் எடுத்துக்கொண்டு வாருங்கள், மறந்துவிட்டால் செவன்-இலெவன் ஏடிஎம்மில் வெளிநாட்டு கார்டு வேலை செய்யும். ஊருக்குள் 'மாரு பஸ்' என்று கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என இரண்டு வட்டப் பாதைகள் உண்டு, நான் போனபோது ஒரு தடவைக்கு 100 யென்.

சரி, இவ்வளவு பெரிய வரலாறு உள்ள ஊர் ஏன் இப்படி அடங்கிக் கிடக்கிறது? இதைத் தெரிந்துகொண்டு போனால்தான் பார்ப்பது புரியும். 1604ல் மோரி என்ற பிரபு வம்சத்தார் இங்கே கோட்டை கட்டி இரண்டரை நூற்றாண்டு ஆண்டார்கள். 1863ல் பிரபு தலைமையிடத்தை யமகுச்சிக்கு மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனின் ஆட்சியைக் கவிழ்த்ததில் இந்த ஊர் இளைஞர்களுக்குப் பெரிய பங்கு. ஜெயித்ததும் அவர்களில் முக்கியமானவர்கள் டோக்கியோவுக்குப் போய் மந்திரிகள் ஆகிவிட்டார்கள், இங்கே வளர்ந்த இட்டோ ஹிரோபுமி 1885ல் நாட்டின் முதல் பிரதமரானார். கோட்டையை 1874ல் பிரித்துப் போட்டுவிட்டார்கள், இப்போது இருப்பது அடித்தளக் கல்லும் அகழியும்தான். ரயில் வந்ததோ 1925ல், அதுவும் ஊருக்குள் வராமல் ஆறுகளுக்கு அப்பால் சுற்றிப் போகிறது. காசு புழங்காத ஊரில் பழைய வீட்டை யார் இடித்துப் புதுசாகக் கட்டுவார்கள்? அதனால் தெருக்களின் அமைப்பு அப்படியே நின்றுவிட்டது, ஷோகுன்கள் ஆண்ட எடோ காலத்து வரைபடத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கும் வழி கண்டுபிடிக்கலாம் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள், அது ஏறக்குறைய உண்மைதான்.

முதல் நாளை இந்தப் பழைய ஊருக்கே கொடுத்துவிடுங்கள். இரண்டு ஆறுகளுக்கு நடுவே வண்டல் மண்ணில் உட்கார்ந்த ஊர், தரை சமமாக இருக்கும், சைக்கிள் ஒன்று வாடகைக்கு எடுத்தால் போதும். இடது பக்கமாக ஓட்டுங்கள், மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு ஓட்டுவது சட்டப்படி குற்றம், மழைக்கோட்டு போட்டுக்கொள்ளுங்கள். வண்டியைத் திருப்பித் தரும் நேரத்தைக் கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கிகுயா சந்து, எடோயா சந்து என்று வெள்ளைச் சுவரும் கறுப்பு மரவேலியுமாகப் போகும் தெருக்கள், அப்புறம் மேற்கே ஹொரியுச்சி பகுதியில் மண்சுவர்கள். அந்த மண்சுவருக்கு மேலே எட்டிப்பார்க்கும் பெரிய ஆரஞ்சுப் பழங்களைக் கவனியுங்கள். நட்சுமிகான் என்று பெயர், கோடை ஆரஞ்சு. சாமுராய்களுக்குக் கிடைத்துவந்த படி நின்றுபோனபோது பிழைப்புக்கு வழி இல்லாமல் 1876 வாக்கில் வீட்டுத் தோட்டத்திலேயே இந்த மரத்தை நட்டு விற்க ஆரம்பித்தார்கள். காற்று பழத்தை உதிர்க்காமல் இருக்கச் சுவர் வேண்டும், அதனால் சுவரை இடிக்கவில்லை. வாள் பிடித்தவர்களின் சுவரை இன்றுவரை காப்பாற்றியது பழம். மே மாதம் முதல் பாதியில் போனால் இந்த மரங்கள் பூக்கும், ஊர் முழுக்க வாசனை, ஜப்பான் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2001ல் தேர்ந்தெடுத்த 100 வாசனைக் காட்சிகளில் இதுவும் ஒன்று. வாசனைக்குப் பட்டியல் போடும் நாடு!

பழத்தை அப்படியே சாப்பிட்டால் புளிப்பில் பல் கூசும். தோலைச் சர்க்கரைப்பாகில் போட்டு விற்கிறார்கள், அதை வாங்குங்கள்.

மெய்ரின் பள்ளிக்கூடக் கட்டிடம் 1935ல் மரத்தில் கட்டியது, சுமார் 90 மீட்டர் நீளம், இப்போது காட்சிக்கூடம். ஆற்றுக்குக் கிழக்கே போனால் யோஷிதா ஷோயின் என்ற ஆசிரியர் பாடம் சொல்லிக்கொடுத்த 'ஷோகா சொன்ஜுக்கு' என்ற சின்னப் பள்ளிக்கூடம். எட்டுப் பாய் விரித்த ஒரு அறை, பிறகு சேர்த்த பத்தரைப் பாய் அறை, அவ்வளவுதான். இங்கே படித்தவர்கள்தான் ஆட்சியைப் புரட்டினார்கள் என்றால் நம்புவது கஷ்டம். ஷோயின் 1859ல் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், மரண தண்டனை பெற்றபோது முப்பது வயதுகூட நிறையவில்லை. ஊரில் அவரை 'ஷோயின் சென்செய்' (ஷோயின் ஆசிரியர்) என்றுதான் சொல்வார்கள், நீங்களும் பேச்சில் வெறும் பெயரைச் சொல்லாதீர்கள். கிழக்கு வட்டப் பாதை பஸ்ஸுக்கே 'ஷோயின் சென்செய்' என்றுதான் பெயர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தோகோஜி கோயில், பின்னால் மரங்களுக்கு நடுவே மோரி பிரபுக்களின் சமாதிகள், எதிரே சுமார் 500 கல்விளக்குகள் பாசி பிடித்து வரிசையாக. ஆகஸ்ட் 15 ராத்திரி அத்தனையிலும் விளக்கு ஏற்றுவார்கள். அந்த வாரம் முன்னோர்களை நினைக்கும் ஓபோன் விடுமுறை, அறை கிடைப்பது குதிரைக்கொம்பு, மாதக்கணக்கில் முன்னால் பதிவு செய்யவேண்டும்.

சாயங்காலத்துக்கு கிகுகஹமா கடற்கரை. ஒன்றும் செய்யவேண்டாம், உட்காருங்கள். இடது கைப் பக்கம் ஷிஸுகி மலை, 143 மீட்டர்தான், அதன் அடியில்தான் கோட்டை இருந்தது.

தங்குவதற்கு ஒரு ராத்திரியாவது ரியோகான், அதாவது ஜப்பானியப் பழைய பாணி விடுதி, எடுங்கள். ராத்திரி சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்த கட்டணமாக இருக்கும். சாப்பாடு ஆறு, ஆறரைக்குத் தயாராகிவிடும், நீங்கள் எட்டு மணிக்கு வந்து நின்றால் விடுதி அம்மா முகம் சுளிக்கமாட்டார், ஆனால் சமையலறை மூடியிருக்கும். தாமதமானால் போன் பண்ணிச் சொல்லுங்கள். பொதுக் குளியலில் வெளியே உட்கார்ந்து நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வெந்நீர்த் தொட்டியில் இறங்கவேண்டும், துண்டு தண்ணீரில் படக்கூடாது, நீச்சல் உடை கிடையாது. கூச்சமாக இருந்தால் தனிக் குளியல் உள்ள விடுதியாகப் பாருங்கள்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இது சொர்க்கம், கணவாயும் அமதாய் மீனும் அவ்வளவு நன்றாக இருக்கும். சைவக்காரர்கள் கொஞ்சம் பாடுபடவேண்டும். காய்கறிக் குழம்பு போலத் தெரிவதிலும் தாஷி இருக்கும், உலர்ந்த மீனைக் கொதிக்கவைத்து எடுத்த சாறு, அதை அவர்கள் மீனாகவே கணக்கில் எடுப்பதில்லை. "நிகு தோ சகானா வா தபேமசென்" என்றால் கறியும் மீனும் சாப்பிடமாட்டேன் என்று அர்த்தம், ஆனால் அது மட்டும் போதாது, தாஷியும் வேண்டாம் என்பதைச் சேர்த்து ஜப்பானிய எழுத்தில் போனில் வைத்திருந்து காட்டுங்கள். விடுதிக்கு முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள், வந்து இறங்கிய பிறகு சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்யமுடியாது, நீங்கள் வெறும் சோறும் ஊறுகாயும் சாப்பிடுவீர்கள், அவர்கள் உங்களைவிட வருத்தப்படுவார்கள். அவசரத்துக்குக் கையில் ஏதாவது வைத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கடை தேடி அலைந்து கடைசியில் சோற்று உருண்டை வாங்கி அறையில் சாப்பிட்டவன் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் காலையில் கஸயமா பக்கம் போங்கள். போகும் வழியில் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி ஒரு சந்தை, அதற்கு அந்தப் பக்கம் 1856ல் இரும்பு உருக்கச் சோதனை செய்து பார்த்த உலையின் கல் புகைபோக்கி, 10 மீட்டர் உயரம், 2015 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். பார்க்க ஐந்து நிமிஷம் போதும். கஸயமா ஒரு குட்டி எரிமலை, 112 மீட்டர், எரிமலை வாய்க்குள்ளேயே படி இறங்கிப் போகலாம். கீழே மியோஜின் குளம், கடலோடு பாறை இடுக்கு வழியாகத் தொடர்பு இருப்பதால் கடல் மீன்கள் குளத்தில் நீந்தும், அலை ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப நீர்மட்டமும் மாறும். மேலே பருந்துகள் சுற்றும், கையில் தின்பண்டம் வைத்துக்கொண்டு அண்ணாந்து நிற்காதீர்கள். பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் வரை போனால் முனையில் சுமார் 25,000 கமேலியா மரங்கள் உள்ள காடு, பூ முழுசாகத் தரையில் விழுந்து கிடக்கும். அந்த மாதங்களில் கடல் காற்று எலும்பு வரை போகும், கழுத்தைச் சுற்றத் துணி கொண்டுபோங்கள். ஜூன், ஜூலை மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள், சைக்கிள் இல்லாத ஹகி பாதி ஹகிதான்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் ஒரு ஹகி மண்கோப்பை வாங்காமல் வராதீர்கள். 1590களில் ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி கொரியா மீது படையெடுத்தபோது அங்கிருந்து கொண்டுவரப்பட்ட குயவர்கள் தொடங்கிவைத்த தொழில் இது. தேநீர்ச் சடங்குக்காரர்கள் "முதலில் ராகு, அடுத்தது ஹகி, மூன்றாவது கராட்சு" என்று மண்பாண்ட வகைகளுக்கு வரிசை சொல்வார்கள். விலை 2,000 யென்னிலும் கிடைக்கும், லட்சக்கணக்கிலும் இருக்கும், கடைக்காரர் பீரோவுக்குள் பூட்டி வைத்திருப்பதைத் தொட்டுப் பார்க்கக் கேட்காதீர்கள். மண் பதமாக இருக்கும், மேல்பூச்சில் மயிரிழை வெடிப்புகள் இருக்கும், அதன் வழியே தேநீர் ஊறி வருஷக்கணக்கில் நிறம் மாறும், அதை 'ஏழு மாற்றம்' என்கிறார்கள். முதல் சில நாள் கோப்பை லேசாகக் கசிந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போடுங்கள், கசிவு நிற்கவில்லை என்றால் அரிசி களைந்த கழுநீரில் போட்டுச் சிறு தீயில் சூடாக்கி, அதிலேயே ஆற விடுங்கள். கழுவியதும் ஈரத்தோடு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும், கவிழ்த்து ஒருநாள் முழுக்கக் காற்றில் காயவேண்டும்.