பித்தளை பிரஷர் டை காஸ்டிங்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

உருகிய உலோகத்தை அதிக அழுத்தத்தில் டை என்னும் எஃகு அச்சுக்குள் தள்ளி வார்ப்பதே பிரஷர் டை காஸ்டிங். துத்தநாகத்துக்கு ஓடும் ஹாட் சேம்பர் மெஷின் (பம்பு உருகிய உலோகத்துக்குள்ளேயே முங்கி இருக்கும்) பித்தளைக்கு ஆகாது. 60/40 பித்தளை (60 பங்கு செம்பு, 40 பங்கு துத்தநாகம்) முழுதாக உருக ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டில் முங்கியே கிடக்க எந்தப் பம்பும் தாங்காது. அதனால் கோல்டு சேம்பர் மெஷின்தான். உலை தனியே இருக்கும், ஒவ்வொரு ஷாட்டுக்கும் (ஒருமுறை வார்ப்பது ஒரு ஷாட்) கரண்டியால் மொண்டு, டைக்குள் செல்லும் ஸ்லீவ் என்னும் குழாயில் ஊற்ற வேண்டும்.

1. மெஷின் கணக்கு. டை பிரியும் முகத்தில் பீஸ், ரன்னர் (உலோகம் ஓடிவரும் கால்வாய்), பிஸ்கட் (ஸ்லீவ் முனையில் மிஞ்சி உறையும் வில்லை) எல்லாம் சேர்ந்து 100 சதுர செ.மீ. பரப்பு, அழுத்தம் சதுர செ.மீ.க்கு 600 கிலோ என்றால், டையைப் பிரிக்கும் விசை 60 டன். கால் பங்கு கூட்டி 75 டன் மெஷின் எடுங்கள். குறைந்தால் டை திறந்து பித்தளை பீறிடும். எப்படியானாலும் டை பிரியும் கோட்டின் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது.

2. டையின் சூடு. இதில்தான் அவசரப்படவே கூடாது. எச்13 போன்ற ஹாட் ஒர்க் ஸ்டீல் (சூட்டைத் தாங்கும் எஃகு) டையை கேஸ் பர்னரால் 250 முதல் 300 டிகிரி வரை நிதானமாக ஏற்றுங்கள். ஆறிய டையில் அடித்தால் பித்தளை நிரம்புவதற்குள் உறைந்து, பீஸில் மடிப்புக் கோடு விழும். ஸ்டீலின் மேல்தோல் மட்டும் சட்டென விரிவதால் நாளடைவில் வலைபோல வெடிப்பு ஓடும். பிறகு வரும் ஒவ்வொரு பீஸிலும் அது மெல்லிய மேடாகப் பதியும்.

3. உருக்குதல். கிராஃபைட் மூசையில் 950 முதல் 980 டிகிரி போதும். அதிகமானால் துத்தநாகம் வெண்புகையாக எரியும். கலவையின் விகிதமும் மாறும். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும், எக்ஸாஸ்ட் கட்டாயம். கரண்டியைச் சூடாக்கி ஈரம் போக்கிய பிறகே இறக்குங்கள். ஒரு சொட்டு நீர் உள்ளே போனாலும் உலோகம் வெடித்துத் தெறிக்கும்.

4. ஷாட். கிராஃபைட் கலவையை டையின் உள்முகத்தில் மெலிதாக அடித்து, காய்ந்ததும் டையை மூடுங்கள். ஊற்றியவுடன் பிளஞ்சரை (ஸ்லீவுக்குள் உலோகத்தைத் தள்ளும் தண்டு) மெதுவாக நகர்த்தி, உலோகம் கேட்டை (பீஸின் குழிக்குள் நுழையும் வாய்) எட்டியதும் வேகமாகத் தள்ளுங்கள். பிஸ்கட் உறையும் வரை அழுத்தம் குறையக் கூடாது. பீஸை அதிக நேரம் உள்ளே விட்டாலும் ஆபத்துதான்: சுருங்கி, பீஸில் துளை விழவைக்கும் கோர் என்னும் டைப் பகுதியை இறுக்கிப் பிடித்து விரிசல் விடும்.

டை சீரான சூட்டுக்கு வரும்வரை விழும் பீஸ்கள் உலைக்கே திரும்பட்டும். பிறகு ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். உருண்டையாக, உள்சுவர் வழவழப்பாக இருக்கும் துளை என்றால் காற்று சிக்கியிருக்கிறது: வென்ட்டை (டையில் காற்று வெளியேறும் வழி) சுத்தம் செய்து, பிளஞ்சரின் முதல் கட்ட வேகத்தைக் குறையுங்கள். தடித்த இடத்தில் சொரசொரப்பான குழி என்றால் சுருக்கம்: அழுத்தத்தைக் கூட்டுங்கள், அப்போதும் போகாவிட்டால் கேட்டைத் தடிமனாக்குங்கள்.