இருப்பது வேறு, இயங்குவது வேறு: மரபணு ஆய்விலும் மண் ஆய்விலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனித உயிரணுவில் ஒரு மரபணு எப்போது செயல்படுகிறது, எப்போது அடங்கிக் கிடக்கிறது என்று ஆராய்பவர்களும், மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்பவர்களும் ஒருவர் கட்டுரையை மற்றவர் படிப்பது அரிது. ஆனால் மாதிரியிலிருந்து மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ.வையோ, மரபணு இயங்கும்போது அதிலிருந்து எடுக்கப்படும் படியான ஆர்.என்.ஏ.வையோ பிரித்தெடுத்து, அதன் வேதி ‘எழுத்துகளின்’ வரிசையைப் படித்து, கணினியில் எண்ணிப் பார்ப்பது இரு தரப்பினருக்கும் அன்றாட வேலையாகிவிட்டது. வழிமுறை ஒன்றாக இருப்பதால், சறுக்கும் இடங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன.

அவற்றுள் பெரியது, ஒன்று இருப்பதையே அது இயங்குவதற்குச் சான்றாகக் கொள்வது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருப்பதாலேயே ஆள் வேலை செய்கிறார் என்று ஆகிவிடாது. 2012 செப்டம்பரில் ‘என்கோட்’ என்னும் பன்னாட்டு ஆய்வுக் கூட்டமைப்பு ஒரே நேரத்தில் 30 கட்டுரைகளை வெளியிட்டு, மனித மரபணுத் தொகுதியில் 80 விழுக்காட்டுக்கு உயிர்வேதியியல் செயல்பாடு உண்டு என்று அறிவித்தது. புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் பகுதி 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால், மீதியில் பெரும்பகுதி பயனற்ற ‘குப்பை டி.என்.ஏ.’ என்ற கருத்தே ஒழிந்தது எனச் செய்தித்தாள்கள் எழுதின. அந்தத் தலைப்புக்கு இருந்த கவர்ச்சி, ‘செயல்பாடு’ எப்படி வரையறுக்கப்பட்டது என்று பார்க்கும் பொறுமைக்கு இல்லை. ஏதேனும் ஓர் உயிரணு வகையில் ஒரு பகுதியிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்பட்டாலோ, அதன்மேல் ஒரு புரதம் ஒட்டினாலோ அது கணக்கில் சேர்ந்துவிட்டது. டி.என்.ஏ.வில் ஒட்டி மரபணுக்களை முடுக்கவோ அடக்கவோ செய்யும் புரதங்களான படியெடுப்புக் காரணிகள் பொதுவாக அடையாளம் காண்பது பத்து எழுத்துகளை ஒட்டிய குறுந்தொடரை. 300 கோடி எழுத்துகள் கொண்ட தொகுதியில் அத்தகைய தொடர்கள் தற்செயலாகவே ஆயிரக்கணக்கில் அமையும். புரதம் அங்கே ஒட்டுவதால் பக்கத்து மரபணுவில் எதுவும் மாறாமலே இருக்கலாம். 2013இல் டான் கிரார் முதலியோர் இதைக் கடுமையாக விமர்சித்தனர். 2014இல் கூட்டமைப்பைச் சேர்ந்தவர்களே, உயிர்வேதியியல், பரிணாமம், மரபியல் ஆகிய மூவகைச் சான்றுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எழுதினர். ஆகவே ‘புரதம் ஒட்டியிருக்கிறது’ என்று ஒரு கட்டுரை சொன்னால், அந்தத் துண்டை, டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறையில் நீக்கிப் பார்த்தார்களா, நீக்கியபின் எது மாறியது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

மண்ணில் இதே தவறு வேறு உருவில் வருகிறது. நுண்ணுயிர் இறந்த பின்பும் அதன் டி.என்.ஏ. களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு நெடுநாள் தங்கும். 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பல்வேறு மண் மாதிரிகளை, சிதைந்த உயிரணுக்களின் டி.என்.ஏ.வை மட்டும் முடக்கும் ஒரு சாயத்தைக் கொண்டு சோதித்தபோது, பாக்டீரியா, பூஞ்சை முதலியவற்றின் டி.என்.ஏ.வில் சராசரியாக 40 விழுக்காடு இறந்தவற்றின் எச்சமே என்று தெரிந்தது. உயிரோடு இருப்பவற்றிலும் மரபணுவின் எண்ணிக்கையைக் கொண்டு வினையின் வேகத்தைக் கணித்துவிட முடியாது. நைட்ரேட்டை நைட்ரஸ் ஆக்சைடாகவும் பின்னர் நைட்ரஜன் வாயுவாகவும் மாற்றும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை, ஆக்சிஜன் குறைந்தால்தான் அதற்கான மரபணுக்களை இயக்கும். சில மில்லிமீட்டர் அளவுள்ள ஈரமான மண் கட்டியின் நடுவே ஆக்சிஜன் முற்றிலும் தீர்ந்துபோய், அதன் மேற்புறத்தில் தாராளமாக இருக்கக்கூடும். அந்தக் கட்டியைச் சலித்து, பொடித்து, ஒன்றாகக் கலந்து மரபணுக்களை எண்ணினால், வினை எங்கே நடந்தது என்ற செய்தியே அழிந்துபோகிறது. வினையை அறிய வேண்டுமானால் மண்ணிலிருந்து வெளிவரும் வாயுவைத்தான் அளக்க வேண்டும்.

அடுத்தது, அருகில் இருப்பதையே காரணமாகக் கருதுவது. எஃப்.டி.ஓ. மரபணுவின் நடுவே உள்ள எழுத்து மாற்றங்களுக்கும் உடல் பருமனுக்கும் தொடர்பு உண்டு என்று 2007இல் தெரிந்ததும், பருமனுக்குக் காரணம் அந்த மரபணுவே என்று பலரும் கொண்டனர். 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளோ, அங்கே இருப்பது தொலைவில் உள்ள ஐ.ஆர்.எக்ஸ்.3, ஐ.ஆர்.எக்ஸ்.5 ஆகிய மரபணுக்களை முடுக்கும் பகுதி என்று காட்டின. ஓர் எழுத்து மாறியதால் அங்கே ஒட்ட வேண்டிய அடக்கும் புரதம் ஒட்டாமல் போகிறது; அவ்விரு மரபணுக்களும் மிகுந்து இயங்குகின்றன; கொழுப்பு உயிரணுவாக வளர வேண்டிய முன்னோடிகள், கொழுப்பை எரிப்பதைவிடச் சேமிக்கும் திசைக்குத் திரும்புகின்றன. இதைவிட வியப்பானது சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்னும் மரபணுவின் கதை. கருவின் கை கால்களில் அதை இயக்கும் பகுதி ஏறத்தாழ 10 லட்சம் எழுத்துகளுக்கு அப்பால், வேறொரு மரபணுவின் உள்ளே இருக்கிறது. அங்கே ஓர் எழுத்து மாறினாலே குழந்தை கூடுதல் விரலோடு பிறக்கக்கூடும்.

விழுக்காட்டை எண்ணிக்கையாக வாசிப்பதும் பரவலான பிழை. ஒரு கிராம் மண்ணில் இரண்டு வகைப் பாக்டீரியாக்கள் தலா 100 கோடி இருந்து, வறட்சியில் ஒன்று 50 கோடியாகக் குறைந்தால், மற்றது ஒன்றுகூடப் பெருகாமலே 50 விழுக்காட்டிலிருந்து 67 விழுக்காட்டுக்கு ‘உயர்ந்துவிடும்’. மிக் என்னும் படியெடுப்புக் காரணி மிகுந்த மனித உயிரணுக்களில் மொத்த ஆர்.என்.ஏ.வே இரண்டு மூன்று மடங்காகும். எல்லா மாதிரிகளிலும் மொத்த ஆர்.என்.ஏ. ஒரே அளவு என்று கொண்டு கணக்கிடும் வழக்கமான சமன்செய்தல் அந்த ஏற்றத்தை முழுவதும் மறைத்துவிடும். அளவு தெரிந்த அயல் ஆர்.என்.ஏ.வை முன்கூட்டியே கலந்து வைப்பது இதற்கு நல்ல தீர்வு.

ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கி வளர்க்கப்படும் மனித உயிரணு வகைகளின் அடையாளத்தைச் சரிபார்க்காமல் விடுவதற்கு மன்னிப்பே இல்லை. 1951இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்பவரின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து வளர்க்கப்பட்ட ஹீலா உயிரணுக்கள் பிற வளர்ப்புகளில் புகுந்து அவற்றை முழுமையாக ஆக்கிரமித்தன என்பது 1960களிலேயே தெரிந்த செய்தி. கல்லீரல் உயிரணுக்கள் என்று நம்பி ‘சாங் கல்லீரல்’ என்ற பெயரில் விற்கப்பட்டவை உண்மையில் ஹீலாவே. ஒரே வயலில் பத்து இடங்களில் மண் எடுத்துவிட்டுப் பத்து வயல்களை ஆராய்ந்ததுபோல் புள்ளியியல் செய்வதும், ஒரே குடுவையில் வளர்ந்த உயிரணுக்களை மூன்றாகப் பிரித்து மூன்று சோதனைகள் என்று எழுதுவதும் இதே அலட்சியத்தின் வேறு வடிவங்கள்.

மாதிரி எடுக்கும் செயலே மாதிரியை மாற்றிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். திசுவை உயிரணுக்களாகப் பிரிக்க, நொதி சேர்த்து 37 பாகை வெப்பத்தில் வைத்திருக்கும் நேரத்திலேயே ஃபாஸ் போன்ற அவசரகால மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அவற்றை நோயின் அடையாளம் என்று எண்ணிவிடுவது எளிது. மரபணுவிலிருந்து புரதத்துக்கான குறிப்பைக் கொண்டுசெல்லும் தூது ஆர்.என்.ஏ. பாக்டீரியாக்களிலோ பெரும்பாலும் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். பையில் கட்டி, வண்டியில் ஏற்றி, மறுநாள் ஆய்வகத்தில் திறந்த மண்ணின் ஆர்.என்.ஏ. வயலைப் பற்றிச் சொல்வதைவிடப் பையைப் பற்றியே அதிகம் சொல்லும். களத்திலேயே திரவ நைட்ரஜனில் உறைய வைப்பதும், எடுத்த கணத்துக்கும் உறைந்த கணத்துக்கும் இடைப்பட்ட நிமிடங்களைச் செய்முறைப் பகுதியில் குறிப்பதும் கட்டாயம். அந்த விவரம் இல்லாத கட்டுரையின் ஆர்.என்.ஏ. முடிவுகளைத் தனியே மேற்கோள் காட்டாமல் விடுவது நல்லது.