நேட்டோவின் அறிவியல் மானியத்துக்கு விண்ணப்பிக்கும் முறை

நேட்டோ 1958ஆம் ஆண்டில் தொடங்கிய அறிவியல் ஒத்துழைப்பின் இன்றைய வடிவமே ‘அமைதிக்கும் பாதுகாப்புக்குமான அறிவியல்’ திட்டம். இதன் மானியத்துக்கு எவரும் தனித்து விண்ணப்பிக்க முடியாது. உறுப்பு நாட்டைச் சேர்ந்த ஒருவரும், உறுப்பினராக இல்லாமல் நேட்டோவோடு ஒத்துழைக்கும் பங்காளி நாட்டைச் சேர்ந்த ஒருவரும் கூட்டு இயக்குநர்களாக இணைந்தே முன்மொழிவை அளிக்க வேண்டும். உக்ரைன், ஜார்ஜியா, ஜோர்டான், மொராக்கோ, ஜப்பான் முதலியவை பங்காளிப் பட்டியலில் உள்ளன. இந்தியாவும் இலங்கையும் இல்லை. ஆகவே உறுப்பு நாட்டு ஆய்வகங்களில் பணிபுரிவோர், தலைப்பை முடிவு செய்வதற்கு முன்பே பட்டியலிலுள்ள பங்காளி நாட்டில் ஒரு துணையைத் தேடிக்கொள்வது நல்லது. பெயருக்கு ஒருவரைச் சேர்த்துவிட்டு வேலை முழுவதையும் தம்மிடமே வைத்துக்கொள்ளும் முன்மொழிவின் குறை, பணிப்பங்கீட்டு அட்டவணையைப் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

மானியம் பல வகைப்படும். பல ஆண்டு ஆய்வுத் திட்டங்கள் பொதுவாக இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நடைபெறும். சில நாள்களில் முடியும் ஆய்வுப் பயிலரங்குகளும் பயிற்சி வகுப்புகளும் உண்டு. முன்பின் சேர்ந்து வேலை செய்யாத இருவர் பயிலரங்கிலிருந்து தொடங்குவதே விவேகம்.

விண்ணப்பத்தின் உயிர்நாடி, அது எந்தப் பாதுகாப்புச் சிக்கலைத் தீர்க்கிறது என்ற கேள்வியில் இருக்கிறது. இணையப் பாதுகாப்பு, பயங்கரவாத எதிர்ப்பு, வேதி, உயிரி, கதிரியக்க ஆபத்துகள், எரிசக்திப் பாதுகாப்பு போன்ற முன்னுரிமைகளுள் ஒன்றோடு அது நேரடியாகப் பொருந்த வேண்டும். ‘தரையை ஊடுருவும் ராடாரின் துல்லியத்தைக் கூட்டுவது எங்கள் நோக்கம்’ என்று தொடங்குவது ஆய்விதழுக்குப் போதும். ‘உலோகம் மிகக் குறைவாக உள்ள பிளாஸ்டிக் கண்ணிவெடிகளை வழக்கமான கருவிகள் தவறவிடுகின்றன, அவற்றைப் பிரித்தறியும் ராடாரை, கண்ணிவெடி அகற்றும் பணியாளர்களோடு களத்தில் சோதித்துப் பார்ப்போம்’ என்று தொடங்குவதுதான் இங்கே எடுபடும். இத்தாலி, உக்ரைன், அமெரிக்க ஆய்வாளர்கள் இணைந்து நடத்திய கண்ணிவெடி ராடார் திட்டம் இந்த வழியில் ஆதரவு பெற்றதே. கருவியைப் பயன்படுத்தப்போகும் அமைப்பு எது என்பதையும், அதன் ஆதரவுக் கடிதத்தையும் சேர்த்துக் காட்டினால் முன்மொழிவுக்குக் கனம் கூடும்.

வரவு செலவுத் திட்டத்தில் பலரும் இடறுவது சம்பளத்தில்தான். இயக்குநர்களின் ஊதியத்தை இந்த மானியம் ஏற்காது. கருவிகள், பயிற்சி, பயணம், இளம் ஆய்வாளர்களுக்கான உதவித்தொகை ஆகியவற்றுக்கே பணம் கிடைக்கும். ஒவ்வொரு கருவிக்கும் அது எந்த ஆய்வகத்தில் நிற்கும், ஏன் தேவை என்று ஒரு வரி எழுதுங்கள்.

முன்மொழிவைச் சுயேச்சையான அறிவியல் மதிப்பீட்டுக் குழு ஆராய்ந்த பிறகு, உறுப்பு நாடுகள் ஒருமித்து ஒப்புதல் தர வேண்டும். அறிவியலில் பிழையில்லாத முன்மொழிவும் அரசியல் காரணத்தால் அங்கே நின்றுபோகலாம் என்பதால், ஒரு நாட்டைக் குற்றஞ்சாட்டும் தொனியை விண்ணப்பத்தில் தவிர்ப்பது நல்லது. இவையெல்லாம் முடியப் பல மாதங்கள் பிடிக்கும். களப்பணியின் தொடக்கத் தேதியை அதற்கேற்பத் தள்ளிக் குறிப்பிடுங்கள்.