அடுக்கில் ஒரு தனிவீடு: நடுத்தளத்திலிருந்து தொடங்க வேண்டிய வடிவமைப்பு

ஒரே மனையில் பல வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, தரைத்தள வீட்டுக்குத் தோட்டமும் உச்சித்தள வீட்டுக்கு மொட்டைமாடியும் அதிக முயற்சியின்றியே கிடைத்துவிடுகின்றன. இடையில் அகப்படும் வீட்டுக்குத்தான் மண்ணும் இல்லை, வானமும் இல்லை. மேலே ஒருவர் நடக்கும் ஓசை கேட்கிறது; எதிரே இன்னொருவரின் சன்னல் நிற்கிறது. ஆகவே, வில்லாவில் வாழும் உணர்வைத் தரும் அடுக்குக் குடியிருப்பை வடிவமைக்க விரும்புபவர் இந்த நடுத்தள வீட்டையே முதலில் வரைய வேண்டும். விலையுயர்ந்த கற்களையும் பெரிய வரவேற்பறையையும் சேர்ப்பதால் அந்த உணர்வு வந்துவிடாது. தன்னுடையது என்று சொல்லத்தக்க ஒரு வாசல், தலைக்கு மேல் திறந்த வானம், ஒன்றுக்கு மேற்பட்ட திசைகளிலிருந்து வரும் வெளிச்சமும் காற்றும், பக்கத்து வீட்டாரின் அன்றாடம் நம் காதிலும் கண்ணிலும் விழாத ஒதுக்கம் ஆகியவையே தனிவீட்டில் இருப்பவர் உண்மையில் அனுபவிப்பவை. இவற்றை நடுத்தளத்துக்குக் கொண்டுசெல்வது எப்படி என்பதையே இங்கே விளக்குகிறேன்.

முதலில் குறுக்குவெட்டு, பிறகே தரைப்படம்

வழக்கமான அடுக்குமாடியில் ஒரு தளத்தின் தரைப்படத்தை வரைந்துவிட்டு, அதையே எல்லாத் தளங்களுக்கும் திரும்பத் திரும்ப வைக்கிறோம். அப்படிச் செய்யும் கணத்திலேயே ஒவ்வொரு பால்கனிக்கும் மேலே இன்னொரு பால்கனி கூரையாகிவிடுகிறது. 3 மீட்டர் உயரமுள்ள திறப்பின் வழியே, சூரியன் நேரெதிரே 60 பாகை உயரத்தில் இருக்கும்போது, வெயில் ஏறத்தாழ 1.7 மீட்டர் மட்டுமே உள்ளே வரும். அதே திறப்பு 6 மீட்டர் உயரமாக இருந்தால் வெயில் 3.5 மீட்டர் வரை எட்டும். எனவே 3 மீட்டர் ஆழமுள்ள ஒரு திறந்தவெளி, முதல் நிலையில் குகையாகவும் இரண்டாம் நிலையில் முற்றமாகவும் தோன்றுகிறது. பரப்பளவு மாறவில்லை, மேலே உள்ள தளம் ஒரு பக்கமாக நகர்ந்துள்ளது, அவ்வளவுதான். இந்த வேறுபாடு தரைப்படத்தில் தெரியாது என்பதால்தான், கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல் காட்டும் குறுக்குவெட்டு வரைபடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன்.

மேல்தளத்தை நகர்த்துவதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ஒவ்வொரு தளமும் கீழ்த்தளத்திலிருந்து படிபோலப் பின்வாங்குவது. இதில் கீழ் வீட்டின் கூரை மேல் வீட்டின் தோட்டமாகிறது. மோஷே சாஃப்டி வடிவமைத்து 1967ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக மாண்ட்ரியாலில் எழுந்த ஹாபிடாட் 67, முன்கூட்டியே வார்க்கப்பட்ட 354 காங்கிரீட் பெட்டிகளை இப்படி அடுக்கி 158 வீடுகளை உருவாக்கியது. இந்த வழியின் குறை, கட்டடத்தின் அடிப்பகுதி அகன்றுகொண்டே போய் நடுவில் வெளிச்சமற்ற பெரும் இடம் சேர்ந்துவிடுவதாகும். கோபன்ஹேகனில் 2008இல் முடிந்த மவுண்டன் குடியிருப்பு, அந்த இருண்ட வயிற்றுப் பகுதியை வாகன நிறுத்துமிடமாக்கி, அதன் சரிவின் மேல் 80 வீடுகளையும் அவற்றின் தோட்டங்களையும் அமைத்தது.

இரண்டாவது வழி, திறந்தவெளிகளைத் தளத்துக்குத் தளம் இடம்மாற்றி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தள உயரத்தைப் பெற்றுத் தருவது. மும்பையில் சார்லஸ் கொரியா வடிவமைத்து 1983இல் நிறைவடைந்த 28 மாடிக் கஞ்சன்ஜங்கா கட்டடத்தின் மூலைகளில் இரட்டை உயரத் தோட்டத் தாழ்வாரங்கள் உள்ளன. கடல் இருக்கும் அதே மேற்குத் திசையிலிருந்துதான் மாலை வெயிலும் பருவமழையும் வருகின்றன என்பதால், காட்சியை இழக்காமல் அவற்றைத் தாங்கிக்கொள்ளும் ஓர் இடைவெளியாக அந்தத் தாழ்வாரங்கள் பயன்படுகின்றன. அங்கு மொத்தம் 32 வீடுகளே உள்ளன என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது, இரண்டு தள வீடுகளை ஒன்றோடொன்று கோத்து அடுக்குவது. லெ கொர்புசியே மார்செய் நகரில் 1952இல் முடித்த 337 வீடுகள் கொண்ட கட்டடத்தில், வீட்டுக் கதவுகள் திறக்கும் உள்நடை பெரும்பாலும் மூன்று தளங்களுக்கு ஒன்றாகவே வருகிறது. மற்ற தளங்களில் வீடு ஒரு முகப்பிலிருந்து எதிர் முகப்பு வரை தடையின்றி நீள்வதால் காலை வெயிலும் மாலை வெயிலும் ஒரே வீட்டுக்குள் வருகின்றன. வீட்டுக்குள்ளேயே படிக்கட்டு ஏறிப் படுக்கையறைக்குப் போவது, தனிவீட்டு உணர்வை வேறு எந்த அலங்காரத்தையும்விட உறுதியாகத் தருகிறது என்பது என் கருத்து.

எந்த வழியைத் தேர்ந்தாலும் தூண்களை நகர்த்தாதீர்கள். தளத்தின் விளிம்பும் சுவர்களும் மட்டுமே நகரட்டும்; தூண்கள் அடித்தளம் வரை நேராக இறங்கட்டும். ஒரு வீடு எத்தனை மீட்டர் நகர்கிறதோ, அந்த அளவைத் தூண்களுக்கு இடைப்பட்ட தூரத்துக்குச் சமமாகவோ சரிபாதியாகவோ வைத்துக்கொண்டால், சுமையைத் திசைதிருப்பும் பெரிய பீம்கள் தேவைப்படா. இந்த ஒழுங்கு இல்லாத திட்டங்களில்தான் செலவு கட்டுமீறி, கடைசியில் தோட்டங்கள் வெட்டப்படுகின்றன.

பார்வையைக் கணக்கிட்டு மறைப்பது

மேல்வீட்டின் மாடத்தில், அதாவது அதன் திறந்தவெளியில், நிற்பவர் கீழ்மாடத்தில் அமர்ந்திருப்பவரைப் பார்க்க முடிந்தால், அந்த இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் யாரும் அங்கே உட்கார மாட்டார்கள். இதை ஊகத்துக்கு விடாமல் கணக்கிட்டுவிடலாம். நிற்பவரின் கண் 1.5 மீட்டர் உயரத்திலும், இடைவெளியற்ற கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பு 1.1 மீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். அவர் அந்த விளிம்பிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி நின்றால், பார்வைக்கோடு மிகச் சரிவாக இறங்கும். தளத்துக்குத் தளம் 3 மீட்டர் உயரமும், கீழே அமர்ந்திருப்பவரின் தலை 1.2 மீட்டர் உயரமும் எனில், சுவரிலிருந்து ஏறத்தாழ 1.5 மீட்டர் வரையே கீழ்மாடம் மறைந்திருக்கும். ஆனால் அந்தச் சுவருக்கு உட்புறமாக 90 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு செடித்தொட்டியைக் கட்டி, அவரை அந்த அளவுக்குப் பின்னே நிறுத்திவிட்டால், மறைவு 6.5 மீட்டர் வரை நீளும். உயரமானவர்களையும் கருத்தில் கொண்டு கண்ணின் உயரத்தை 1.6 மீட்டராக வைத்தாலும் 5 மீட்டருக்கு மேல் மறைந்திருக்கும். தொட்டி இங்கே அலங்காரம் அல்ல. அது பார்வையைத் தடுக்கும் கருவி. ஆகவே செலவைக் குறைக்கும் கட்டத்தில் அதை முதலில் நீக்கிவிடாமல் காப்பாற்றுங்கள். கண்ணாடிக் கைப்பிடி வைத்தால் இந்தக் கணக்கு முழுவதும் வீணாகிவிடும்.

பக்கவாட்டில், அடுத்தடுத்த மாடங்களைப் பிரிக்கும் சுவர் மாடத்தின் முழு ஆழத்துக்கும் நீள வேண்டும். எதிரெதிர்க் கட்டடங்களில் சன்னல்கள் ஒன்றையொன்று நேராக நோக்காதபடி அரை அறை அளவேனும் விலக்கி வையுங்கள்.

மண்ணின் எடை

தோட்டம் என்று படத்தில் பச்சை வண்ணம் தீட்டுவது எளிது. நீர் ஊறிய மண் ஒரு கன மீட்டருக்கு 1,600 முதல் 2,000 கிலோ வரை எடை கொண்டது. புல்லுக்கு 15 முதல் 30 சென்டிமீட்டர் ஆழமும், புதர்ச் செடிகளுக்கு 45 முதல் 60 சென்டிமீட்டர் ஆழமும், சிறு மரத்துக்குக் குறைந்தது 90 சென்டிமீட்டர் ஆழமும் தேவை. 60 சென்டிமீட்டர் மண் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டன் அளவில் அழுத்தும். வீட்டு அறைகளுக்குப் பொறியாளர்கள் கணக்கில் கொள்ளும் புழக்கச் சுமையோ (ஆட்கள், தளபாடங்களின் எடை) சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். எனவே எந்த இடத்தில் ஆழமான மண் வரும் என்பதை அமைப்புப் பொறியாளரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். மரங்களைத் தூணுக்கு மேலோ பீமுக்கு மேலோ வையுங்கள்.

மாடத்தின் காங்கிரீட் தளத்தை உட்புறத் தளத்தைவிட 15 முதல் 20 சென்டிமீட்டர் தாழ்த்தி வார்த்தால், நீர்க்கசிவுத் தடுப்புப் படலமும் சரிவும் வடிகாலும் அதற்குள் அடங்கி, மேலே பாவும் கல் வீட்டின் தரையோடு ஒரே மட்டத்தில் வந்து சேரும். வாசற்படி தடுக்காமல் உள்ளிருந்து வெளியே நடக்க முடிவதுதான், அதைப் பால்கனியாக இல்லாமல் முற்றமாக உணரவைக்கிறது. ஒரே ஒரு வடிகால் துளையை நம்பாமல் இரண்டு வையுங்கள். அவை அடைபட்டால் நீர் வெளியே விழுவதற்கு, வீட்டுத் தரைமட்டத்துக்குக் கீழே ஒரு வழிவுத்துளையும் வையுங்கள். கீழே இருப்பது இன்னொருவரின் படுக்கையறை.

ஓசை

வில்லா என்ற சொல்லை நம்பி வந்தவரை மிகுதியாக ஏமாற்றுவது ஓசைதான், அதுவும் மேலிருந்து வரும் காலடி ஓசை. பேச்சும் இசையும் காற்றின் வழியே வருபவை. கனமான காங்கிரீட் தளமே அவற்றைப் பெருமளவு தடுத்துவிடும். ஆனால் குதிகாலின் தட்டலும் நாற்காலியை இழுக்கும் ஓசையும் தளத்தையே அதிரச் செய்து, சுவர்கள் வழியாகவும் இறங்குகின்றன. தளத்தை இன்னும் தடிமனாக்குவது இதற்குப் போதுமான தீர்வு ஆகாது. கீழே ஃபால்ஸ் சீலிங் அமைப்பது மட்டும் போதுமென்று எண்ணுவதும் தவறு. காங்கிரீட்டின் மேல் நெகிழ்வான ஒரு விரிப்பைப் பரப்பி, அதன்மேல் மிதக்கும் தளமாகக் காரையை இட்டு, பிறகு டைல்ஸ் ஒட்ட வேண்டும். அந்தக் காரை சுவரைத் தொடாதபடி நான்கு விளிம்புகளிலும் நெகிழ்வான பட்டை இருக்க வேண்டும். ஓரிடத்தில் காரை வழிந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாலும் அதிர்வு அந்தப் பாலத்தின் வழியே இறங்கிவிடும் என்பதால், இந்த வேலை நடக்கும் நாட்களில் வடிவமைப்பாளர் கட்டுமான இடத்தில் நேரில் நிற்பது அவசியம்.

வீடுகளைக் கோத்து அடுக்கும்போது ஒருவரின் கூடம் இன்னொருவரின் படுக்கையறைக்கு மேலே வந்துவிடும் அபாயம் உண்டு. படுக்கையறைக்கு மேல் படுக்கையறை, குளியலறைக்கு மேல் குளியலறை என்ற ஒழுங்கை இயன்றவரை காப்பாற்றுங்கள். கழிவுநீர்க் குழாய்களைக் கீழ்வீட்டின் உட்கூரைக்குள் ஓட்டாமல், குளியலறைத் தளத்தைத் தாழ்த்தி அந்தந்த வீட்டுக்குள்ளேயே ஷாஃப்ட் (குழாய்கள் செங்குத்தாக இறங்கும் குழி) வரை கொண்டுசெல்லுங்கள். அப்போது ஒரு குழாய் பழுதானால் கீழ்வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. ஏசியின் வெளிப்புறக் கருவிகளுக்கு, எவருடைய மாடத்தையும் நோக்காத ஓர் இடத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

வாசல்

இருபுறமும் கதவுகள் வரிசையாக நிற்கும் நீண்ட நடையில், எவரும் தம் வீட்டு வாசலை வாசலாக உணர்வதில்லை. ஒரு லிஃப்டுக்கும் படிக்கட்டுக்கும் தளந்தோறும் இரண்டு வீடுகள் என்ற அளவைத் தாண்டாதிருப்பது நல்லது. அந்தக் கதவுகள் ஒன்றையொன்று நோக்காமல் இருக்கட்டும். கதவுக்கு முன்னே சுமார் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் உள்வாங்கிய முன்வாசலும், பகல் வெளிச்சம் விழும் ஒரு சன்னலும் இருக்கட்டும். ஒன்றரை மீட்டர் சதுரம் சக்கர நாற்காலி திரும்புவதற்கும் போதுமானது.

நான்கு தளங்களே உள்ள கட்டடத்தில் இரண்டு டூப்ளெக்ஸ் (இரண்டு தள) வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டுக்கும் தரைமட்டத்திலேயே வெவ்வேறு பக்கங்களில் கதவு கொடுத்துவிடலாம். மேல்வீட்டுக்கு உட்படிக்கட்டு கொஞ்சம் பரப்பளவைத் தின்றாலும், தெருவிலிருந்து நேரே தன் வீட்டுக்குள் நுழையும் உரிமை அதற்கு ஈடாகக் கிடைக்கிறது; முதியவர்களுக்காக ஒரு சிறு லிஃப்டுக்கு இடம் விட்டுவையுங்கள். லிஃப்ட் நேராக வீட்டுக்குள் திறக்க வேண்டும் என்று வாங்குபவர் விரும்பினால், தீ விபத்தின்போது வெளியேறும் படிக்கட்டுக்கு லிஃப்டைச் சாராத தனி வழி இருப்பதை உள்ளூர் விதிகளோடு ஒப்பிட்டு உறுதிசெய்த பிறகே சம்மதிக்க வேண்டும்.

ஒப்படைப்பதற்கு முன்

ஒருவரின் தோட்டம் மற்றொருவரின் கூரையாக இருக்கும் கட்டடத்தில், கல்லும் செடியும் மேல்வீட்டாருக்கு உரியவை, அவற்றின் அடியிலுள்ள படலமும் தளமும் அனைவருக்கும் பொதுவானவை என்பதை விற்பனைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. பழுதுபார்க்க வருவோர் மாடத்துக்குள் நுழையும் உரிமையையும் அதில் சேர்க்க வேண்டும். பாவுகற்களை ஒட்டிவிடாமல் தாங்கிகளின் மேல் வைத்திருந்தால், அவற்றை எடுத்துப் படலத்தைச் சோதிப்பது ஒரு நாள் வேலையாக முடிந்துவிடும். மண் கொட்டுவதற்கு முன்பாக ஒவ்வொரு மாடத்தின் வடிகாலையும் அடைத்து, 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி வையுங்கள். இரண்டாம் நாள் மாலை கீழ்வீட்டுக்குள் சென்று, உட்கூரையின் மூலைகளையும் குழாய் நுழையும் இடங்களையும் விளக்கு பிடித்துப் பார்த்து, ஈரம் துளியும் இல்லை என்று தெரிந்த பிறகு மண்ணைக் கொட்டச் சொல்லுங்கள்.